கீழாநெல்லியும் தாவர நூலும்

வரப்பில் ஒரு சிறு செடியைக் காண்கிறீர்கள். பெயர் தெரியவில்லை. கையில் உங்கள் பகுதியின் காட்டுப்பூக் கையேடு இருந்தால் போதுமா? அது சொல்லும் பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம்?

வட்டார நூலின் முதல் பயன், அது தேடலைச் சுருக்கித் தருவதுதான். ஹூக்கர் 1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூல், அன்றைய பிரிட்டிஷ் இந்தியா முழுவதன் தாவரங்களையும் பற்றியது. அதில் இமயமலைச் செடியும் இருக்கும், பர்மாச் செடியும் இருக்கும். கேம்பிள் என்ற வன அதிகாரி 1915இல் வெளியிடத் தொடங்கிய நூலோ சென்னை மாகாணத்துக்கு மட்டும் உரியது. அவர் 1925இல் மறைந்த பின் பிஷர் என்பவர் அதனை 1936இல் முடித்தார். ஃபைசன் இன்னும் சுருக்கி, நீலகிரி, பழனி மலைகளின் 6,500 அடிக்கு மேற்பட்ட உச்சிப் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். பரப்பு குறையக் குறைய, ஒன்றோடொன்று குழம்பக்கூடிய செடிகளும் குறைகின்றன அல்லவா?

ஆனால் இதிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. நூலில் இல்லாத செடி கைக்குக் கிடைத்தால், இருப்பவற்றுள் நெருங்கிய ஒன்றின் பெயரை அதற்குச் சூட்டிவிடுவோம். பார்த்தீனியம் 1950-களில் புணேயில் கவனத்துக்கு வந்து, பிறகு நாடெங்கும் பரவிய களை. அதைக் கேம்பிளின் நூலில் தேடிப் பயனில்லை.

நூலிலுள்ள பெயரே தவறாக இருந்தால்? நமக்குத் தெரிந்த கீழாநெல்லியையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருத்துவத்தில் கொடுக்கும் செடி இது. நம் நாட்டுத் தாவர நூல்கள் நெடுங்காலம் இதனைப் பில்லாந்தஸ் நிரூரி என்றே குறித்து வந்தன. 1950-களில் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கத் தாவரவியலார் இக்குடும்பத்தை நுணுகி ஆராய்ந்தார். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்பதும், இங்கே அப்பெயரால் வழங்குபவை அமாரஸ், பிரடெர்னஸ், டெபிலிஸ் எனப் பல தனி இனங்கள் என்பதும் தெளிவாயிற்று.

இவற்றைப் பிரித்தறிவது எப்படி? மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம். இலையும் ஒன்றுபோல இருக்கும். காய்கள் எல்லாம் கிளையின் அடிப்புறத்தில்தான். வண்ணப்படம் பார்த்துச் சொல்ல முயல்வது வீண். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை எடுத்து, கடுகளவுப் பூவின் இதழ்களை எண்ணுங்கள். ஐந்து இருந்தால் பெரும்பாலும் அமாரஸ். ஆறு இருந்தால் மற்ற இரண்டில் ஒன்றாகலாம். அமாரஸின் இலைக்கோணத்தில் ஓர் ஆண் பூவும் ஒரு பெண் பூவும் சேர்ந்தே நிற்கும். பிரடெர்னஸில் ஆண் பூக்கள் சிறுகிளையின் அடிப்பகுதியிலும் பெண் பூக்கள் அதன் நுனிப் பகுதியிலும் தனித்தனியே இருக்கும். "இதழ் ஐந்தா, ஆறா?" என இரண்டிரண்டாகக் கேட்டுச் செல்லும் இத்தகைய வினாவரிசையைத் தாவரவியலார் 'திறவுகோல்' என்பர். திறவுகோல் இல்லாத கையேடு, எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும், பாதிக் கையேடுதான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸின்மீது இச்செடியின் சாறு எப்படிச் செயல்படுகிறது என்று ஆராய்ந்து 1987இல் வெளிவந்த கட்டுரை, செடியை நிரூரி என்றது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை அமாரஸ் என்றது. சென்னை ஆய்வில் செடிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளப் பொருள் மறைந்தது. வெற்றுப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. பின்னர் வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் இப்பலன் கிட்டவில்லை. மருந்துதான் பயனற்றதா, அல்லது செடியும் அது விளைந்த இடமும் வேறானவையா? பயன்படுத்திய செடியின் உலர்ந்த மாதிரியை ஓர் உலர்தாவரச் சேகரிப்பில் வைத்திருந்தால்தான், அது எந்த இனம் என்பதையாவது பின்னால் வருபவர் சரிபார்க்க முடியும்.

திருச்சியிலுள்ள ரபினாட் உலர்தாவரச் சேகரிப்பு அத்தகையது. மாத்யூ பாதிரியார் 1981 முதல் 1983 வரை வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவர நூல் இங்கிருந்தே உருவாயிற்று. உங்கள் கையேட்டில் ஒரு செடியைக் கண்டால், பெயரோடு நிற்காமல், பூக்கும் மாதம், வளரும் இடம், கனியின் வடிவம் ஆகிய மூன்றையும் ஒத்துப் பாருங்கள். இவற்றில் ஒன்று மாறினாலும், பென்சிலால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு வையுங்கள்.