தப்பொலியும் காமன் கம்பமும்: மலையக மக்களின் அன்றாடப் படைப்பாற்றல்

படைப்பாற்றல் என்றவுடன் கவிஞரும் ஓவியரும் திரைப்பட இயக்குநருமே நம் நினைவுக்கு வருகின்றனர். அது ஒரு சிலருக்கு மட்டும் வாய்த்த வரம் என்றும், வயிறு நிறைந்தவர்களின் ஓய்வுநேர விடயம் என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. உழைத்துக் களைத்தவனுக்குக் கலை எதற்கு என்று கேட்போரும் உளர். இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை பகுதிகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. காணியும் வீடும் இன்றி, நீண்டகாலம் குடியுரிமையும் இன்றி வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டம், தன்னை ஒரு சமூகமாக நிலைநிறுத்திக் கொள்வதற்குக் கைக்கொண்ட முதற் கருவி அதன் படைப்பாற்றலே ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசிக்கும் நோய்க்கும் வழியிலேயே பலியானவர் பலர். 1867 ஆம் ஆண்டு லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தக நோக்கில் பயிரிட்டார். பின்னர் நோய் கண்டு கோப்பி அழிந்த மலைகளிலெல்லாம் தேயிலை பரவியது. வந்தவர்கள் கொண்டு வந்த உடைமைகளோ மிகச் சொற்பம். ஆனால் தப்பும் உடுக்கும், தாலாட்டும் ஒப்பாரியும், பொன்னர் சங்கர் கதையும் காமன் கூத்தும் அவர்களுடன் வந்தன. அவர்களைப் பற்றிய அரசாங்கக் குறிப்புகளும் தோட்டத்துச் செக்றோல் பதிவுகளும் துரைமாரின் கையிலிருந்தன. தமக்கெனத் தாமே வைத்திருந்த பதிவேடு அவர்களது பாட்டு ஒன்றுதான்.

தோட்டத்தின் நாள் தப்பொலியுடன் தொடங்கிய காலம் ஒன்றிருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பியதும் தப்பே, திருவிழாவுக்கு ஊரைத் திரட்டியதும் தப்பே, இறந்தவரை வழியனுப்பியதும் தப்பே. ஒரே தோற்கருவி இவ்வேறுபட்ட செய்திகளை வெவ்வேறு அடிகளால் உணர்த்தியது. கேட்டவர்களுக்கும் அம்மொழி விளங்கியது. கடிகாரம் இல்லாத லயங்களில் காலத்தை அறிவித்ததும் அதுவேயாகும்.

தொழிலிலும் இந்நுண்ணறிவைக் காணலாம். செங்குத்தான சரிவிலே கூடையைத் தலைக்கயிற்றில் தாங்கி, இரண்டு இலையும் ஒரு குருத்தும் எங்கே நிற்கின்றன என்பதைக் கண் அறியுமுன் விரல் அறிகிறது. மட்டக்கம்பைச் செடிமேற் கிடத்தி மட்டம் பிசகாமற் கொழுந்தெடுப்பதும், அடுத்த பருவத்துத் துளிர் எங்கிருந்து வரும் என்பதை முன்னறிந்து கவ்வாத்துக் கத்தியை வீசுவதும் ஒருநாளிற் கைவரும் வித்தைகள் அல்ல. இடுப்பிற் சுற்றும் படங்கும், மழைக்குப் போர்த்தும் கொங்காணியும், லயத்து வாசலோரச் சிறு துண்டிலே தழைக்கும் மரக்கறிப் பாத்தியும் இல்லாமையிலிருந்து பிறந்த கண்டுபிடிப்புகளே. இத்தனை தேர்ச்சியையும் ‘பயிற்சியற்ற உழைப்பு’ என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகின்ற வழக்கம் இன்றளவும் மாறவில்லை. ஒருவருடைய கைத்திறனுக்குப் பெயர் இல்லாதபோது அதற்குரிய கூலியும் இல்லாமற் போகின்றது என்பதை நாம் இங்கு கருத்திற் கொள்ள வேண்டும்.

மலைகளில் நிரை பிடித்து நின்ற பெண்கள் பாடிய பாடல்கள் களைப்பை ஆற்றுவதோடு நின்றுவிடவில்லை. கங்காணியின் கெடுபிடியும், கணக்கப்பிள்ளையின் நிறுவைக் கழிவும், நேரம் பிந்தியதற்காக ‘அரைப்பேர்’ போடப்பட்ட கொடுமையும் பாட்டுக்குள் ஏறின. நேருக்கு நேர் சொன்னால் தண்டனை கிட்டும். பாட்டாகச் சொன்னால் யார் சொன்னது என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. அச்சமின்றிப் பேச வழியற்ற மக்களுக்கு இதுவே பேச்சுரிமையாக இருந்தது எனலாம். ஒப்பாரியும் அவ்வாறே. இறந்த ஒருவரின் பிறப்பையும் உழைப்பையும் ஏக்கத்தையும் அந்த இடத்திலேயே சொல்லெடுத்துத் தொடுக்கும் பெண், எவராலும் எழுதப்படாத ஒரு வாழ்க்கை வரலாற்றை அங்கு இயற்றுகிறாள். எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள் இலக்கியம் படைத்தார்கள் என்பதை நாம் மிகையாகக் கூறவில்லை.

இப்பாடல்களைத் தேடித் திரட்டியவர்களுள் முதன்மையானவர் சி.வி. வேலுப்பிள்ளை ஆவார். 1914 ஆம் ஆண்டு மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற அவர், தொழிற்சங்கவாதியாகவும் கவிஞராகவும் ஒருங்கே விளங்கினார். அவர் 1954 இல் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தீ பால ஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழில் தந்தார். அவருக்கு முன்னரே, தோட்டத் தொழிலாளரை அமைப்பாகத் திரட்டிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளரிடையே பாடல்களைப் பாடி அரசியல் விழிப்பூட்டினார் என்பதும் குறிப்பிடத்தக்கது. துண்டுப்பிரசுரத்தை வாசிக்க இயலாதவரும் மெட்டை மறப்பதில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

கூத்தின் பங்கு இன்னும் ஆழமானது. மாசி அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் ஊன்றப்பட்டதும் தோட்டம் வேறொரு தோட்டமாகி விடுகிறது. சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுவதும், ரதியின் புலம்பலும் இரவிரவாக ஆடிப் பாடப்படுகின்றன. ரதியாக ஆடுபவரும் ஆண்மகனே. நேர்த்தி வைத்து விரதமிருந்து வேடம் தரிப்போர் பகலில் மலையிலும் ஸ்டோரிலும் வேலை செய்தவர்களே. பெரட்டுக் களத்திற் பெயர் கூப்பிடப்பட்டுத் தலைகுனிந்து நின்றவர் இரவிலே சிவனாகவும் எமனாகவும் வீரபத்திரனாகவும் நிமிர்ந்து நிற்கிறார். ஒப்பனை, ஆடை, பாட்டு, ஆட்டம், பந்தல் என்று லயத்துக்கு லயம் பொறுப்பு பகிரப்படுகிறது. துரையின் உத்தரவின்றித் தம்மைத் தாமே நிருவகிக்கக் கற்றுக்கொண்ட ஒரு பள்ளிக்கூடமாகவும் இந்தக் கூத்துக் களம் அமைந்தது. அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இதே பணியைச் செய்தன.

அச்சேறிய எழுத்தின் கதை சற்று வேறுபட்டது. 1869 இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யை வெளியிட்டார். அதில் தொழிலாளியின் குரலைவிடத் துரைத்தனத்தின் பார்வையே மேலோங்கியிருந்தது என்பதை மு. நித்தியானந்தன் ‘கூலித்தமிழ்’ (2014) என்ற நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். உழைப்பவரின் உள்ளம் வாய்மொழிப் பாட்டிலிருந்து அச்செழுத்துக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் சென்றன. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ ஆகிய சிறுகதைத் தொகுதிகள் அந்த இடைவெளியை நிரப்பின. நிறுவைத் தராசில் மட்டும் மதிப்பிடப்பட்ட கொழுந்துக் கூடை ஒன்று, கதையின் தலைப்பாக உயர்ந்ததன் பொருள் சாதாரணமானதன்று. தெளிவத்தை ஜோசப்புக்குத் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது 2013 இல் வழங்கப்பட்டபோது, மலையகத்தின் எழுத்து கடல்கடந்தும் ஏற்கப்பட்டது.

மலைநாட்டின் தமிழ்ப் படைப்பு வரலாறு தோட்டத்து எல்லையோடு முடிந்துவிடுவதும் இல்லை. கண்டிப் பிரதேசம் தந்த அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் (1866 - 1918) மலைநாட்டுத் தமிழ்ப் புலவர் மரபின் முன்னோடிகளுள் வைத்து எண்ணப்படுபவர். கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களில், பள்ளிக்கூடம் செல்லாத பெண்கள் தம் காதலையும் பிரிவையும் வறுமையையும் ‘கவி’களாகப் பாடினர். எஸ். முத்துமீரான் போன்றோர் அவற்றைத் தேடித் திரட்டியிராவிடின் அவையும் காற்றோடு போயிருக்கும். பக்கீர் பாவாக்களின் றபான் ஒலியும் ஒரு சமூகத்தின் நினைவைச் சுமப்பதே. தேயிலை மலையில் நின்றவளும் வயல் வரம்பில் நின்றவளும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆயினும் ஒரே தமிழில், ஒரே தேவைக்காகச் சொல்லெடுத்தவர்கள். இரு சமூகங்களும் தமக்கிடையேயான உறவைப் பேசும்போது இதனையும் நினைவிற் கொள்வது நன்று.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. கப்பலேறியோருள் பாட்டுக்காரரும் தப்புக்காரரும் இருந்தனர். இரண்டு நாடுகளும் எண்ணிக்கையாக மட்டுமே நோக்கிய காலத்திற்றான், ‘இந்தியக் கூலி’ என்ற பெயரை உதறி ‘மலையகத்தார்’ என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் உணர்வு வலுப்பெற்றது. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியை மையமாகக் கொண்டு இர. சிவலிங்கம் முதலிய ஆசிரியர்கள் 1960 களில் இவ்வுணர்வை இளைஞரிடையே வளர்த்தனர். பிறர் சூட்டிய பெயரை மறுத்துத் தன் பெயரைத் தானே சூட்டிக் கொள்வதும் ஒரு படைப்புச் செயலே ஆகும். 2023 ஆம் ஆண்டு, வருகையின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மேற்கொண்ட நடைபவனி, அப்பெயருக்கு ‘மாண்புமிகு’ என்ற அடைமொழியையும் சேர்த்தது.

எனினும், கலையைப் போற்றும் வேளையில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். காமன் கூத்தைப் புகழ்ந்துவிட்டு, 10 அடிக்கு 12 அடி லயத்து அறையை மறந்துவிடுவது நேர்மையாகாது. பாட்டு கூலிக்கு ஈடாகாது, கூத்து காணி உறுதிக்கு ஈடாகாது. மாறாக, நியாயமான கூலியும் ஓய்வுமே பாட்டும் கூத்தும் தொடர்வதற்கான நிபந்தனைகள். நாளொன்றுக்கு இத்தனை கிலோ எடுத்தாலன்றி முழுப்பேர் இல்லை என்ற நெருக்கடியில் நிற்பவளுக்குப் பாடுவதற்கு மூச்சு எங்கே மிஞ்சும்? இளைஞர்களோ கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் சென்றுவிடுகின்றனர். அவர்களைக் குறை கூற இயலாது. ஆனால், கூத்து வாத்தியாரின் மனப்பாடத்தில் மட்டும் இருக்கும் பாட்டு, அவரோடு மறைந்துவிடும் ஆபத்து கண்முன்னே நிற்கிறது.

இன்னொரு தடை நம்முள்ளேயே இருக்கிறது. தப்பு அடிப்பதைச் சாதி இழிவோடு பிணைத்து வைத்தவர்கள் துரைமார் மட்டுமல்லர், நாமும்தான். அதனாற்றான் தப்புக்காரரின் பிள்ளை அக்கருவியைத் தொடக் கூசுகிறான். கரிபியன் தீவான டிரினிடாட்டிலும் தோட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள் முரசறைவதை 1880 களில் ஆங்கில ஆட்சி தடை செய்தது. அவர்கள் மூங்கிலைத் தட்டினர், பின்னர் எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டி வளைத்து இசைக்கருவியாக்கினர். பொறுக்கிகளின் ஓசை என்று இகழப்பட்ட அந்த ஸ்டீல்பேன் 2024 இல் அந்நாட்டின் தேசிய வாத்தியமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. தமிழகத்திலும் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டுள்ளது. கருவி மாறவில்லை, அதனை நோக்கிய சமூகத்தின் கண்ணே மாறியது. மலையகத்தின் தப்புக்கும் அந்நாள் வரவேண்டும்.

இதற்குப் பெருநிதி தேவைப்படும் என்றில்லை. தோட்டப் பாடசாலைகளின் அழகியற் பாடவேளையில் தப்பும் காமன் கூத்தும் இடம்பெறலாம். அவற்றைக் கற்பிக்கத் தகுதியானவர் அதே தோட்டத்தின் லயத்திலே இருக்கிறார். அவரை மதிப்பூதியம் தந்து அழைப்பதே முறை. மலையக ஆசிரியர்களை உருவாக்கும் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இம்முயற்சிக்கு வழிகாட்டலாம். கம்பளைக்கு அருகில் 2007 முதல் இயங்கிவரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை நம் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். கையில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வோர் இளைஞரும் தம் பாட்டியின் ஒரு தாலாட்டையோ ஒப்பாரியையோ, அவரது ஒப்புதலுடன், ஒலிப்பதிவு செய்து வைப்பது நாளைக்கென்று ஒத்திவைக்கத்தக்க காரியமன்று.

தேயிலையின் சுவையை உலகம் அறியும். அதனைப் பறித்த கைகளின் அறிவையும், அக்கைகளுக்குரியோர் பாடிய பாட்டையும் உலகம் அறியாமைக்குக் காரணம், அவற்றை நாமே மதிக்கத் தவறியமைதான். தொழிற்சங்கங்களும் கல்வி அதிகாரிகளும் ஆலய பரிபாலன சபைகளும் அடுத்த மாசி மாதத்துக்குள் தத்தம் தோட்டத்தின் கூத்து வாத்தியார் யார், பாட்டுக்காரி யார் என்ற பட்டியலையாவது தயாரிக்க முன்வர வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.