காட்டுப்பள்ளி உப்பங்கழியில் தனியாக கயாக் ஓட்டலாமா? முதலில் காலண்டரைப் பாருங்க!

கூகுள் மேப்பில் காட்டுப்பள்ளியைத் தேடிப் பாருங்கள். கிழக்கே கடல், நடுவில் ஒல்லியான ஒரு நிலத்துண்டு, மேற்கே எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து பழவேற்காடு பக்கம் வரை நீலமாக நீளும் உப்பங்கழி. முட்டுக்காட்டிலோ கோவளத்திலோ ஒரு மணி நேரம் துடுப்பு போட்டுப் பழகியவர்களுக்கு இதைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் அந்த நீலத்தில் பல இடங்கள் ஒரு நாளில் இரண்டு முறை வெறும் சேறாகிவிடும். மேப்பில் அது தெரியாது.

தண்ணீர் எங்கே போகுது?

கடல் தினமும் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். கரையில் கேட்டால் ஏத்தம், வத்தம் என்பார்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 6 மணி நேரம். இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அப்படியென்றால் ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட 6 மணி நேரம். போன சனிக்கிழமை காலை 8 மணிக்கு நிறைந்திருந்த இடம், இந்த சனிக்கிழமை காலை 8 மணிக்கு வற்றிக் கிடக்கும். வீக்எண்ட் பிளான் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும் கடல், சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சுமார் ஒரு மீட்டர்தான் ஏறி இறங்கும். அஷ்டமியை ஒட்டி இன்னும் குறைவு. வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர் இதற்குப் போதும். ஒரு மீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம், முழங்கால் ஆழமே உள்ள இடத்தில் அதுதான் எல்லாமே. துறைமுக அட்டவணையில் இருப்பது கடலோர நேரம். முகத்துவாரத்தில் மணல் எவ்வளவு அடைத்திருக்கிறது, நீங்கள் எவ்வளவு உள்ளே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உப்பங்கழிக்குள் தண்ணீர் தாமதமாக ஏறும், தாமதமாக வற்றும்.

அதனால் ஏத்தத்தோடு உள்ளே போய், தண்ணீர் நிற்கும் நேரத்தில் திரும்பி, வத்தம் தொடங்கியதுமே அதோடு வெளியே வந்துவிட வேண்டும். வத்தத்தின் கடைசியில் தரைதட்டினால் மூன்று, நான்கு மணி நேரம் வெயிலில் உட்கார வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழையில் பூண்டி ஏரி திறந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. கொசஸ்தலையாற்று வெள்ளம் முழுவதும் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போகும்.

இறங்கித் தள்ளிடலாமே?

தனியாகப் போனவர் செய்யவே கூடாதது அது. சேற்றில் காலை நேராக மேலே இழுத்தால், பாதத்துக்கு அடியில் வெற்றிடம் உருவாகி சேறு இன்னும் இறுக்கிப் பிடிக்கும். படகை விடாமல் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து எடையைப் பரப்பி, காலை மெதுவாக ஆட்டி ஆட்டித் தண்ணீரை உள்ளே விட வேண்டும். லைஃப் ஜாக்கெட், விசில், தண்ணீர் புகாத பையில் போன், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தெரிந்த ஒரு ஆள் கரையில். இவை இல்லாமல் போகாதீர்கள்.

செருப்பும் போதாது, கட்டிய ஷூ வேண்டும். காரணம், மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லும் தென் அமெரிக்க மட்டி. கப்பல்களின் நிலைப்புத் தண்ணீரோடு வந்திருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படும் இது, எண்ணூர், பழவேற்காடு பகுதிகளில் அடிமண்ணையே பாய் விரித்ததுபோல மூடிவிடுகிறது. உங்கள் காலைக் கிழிப்பது சின்ன விஷயம். இறால் மண்ணில் புதைய இடமில்லாமல் போவதுதான் பெரிய விஷயம்.

அடியில் இருப்பது வெறும் சேறு மட்டும்தானா?

இல்லை. வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல், குழாய்களில் இருந்து கசிந்து பல ஆண்டுகளாக இங்கே படிந்திருக்கிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் இதில் தீர்ப்பே சொன்னது. ஆழம் குறைந்தால் ஒரு மீட்டர் ஏத்தத்துக்கும் மதிப்பு குறையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையோடு மணலி பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்தபோது, அதை உள்ளேயும் வெளியேயும் இழுத்துப் பரப்பியதும் இதே ஏத்த வத்தம்தான்.

காகிதத்தில் இன்னும் மோசம். 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் இந்த உப்பங்கழி இருக்கிறது. பிறகு ஆர்.டி.ஐ.யில் அரசு கொடுத்த வரைபடத்தில் அது காணாமல் போயிருந்தது. 2017-ல் இது பெரிய சர்ச்சையானது. டி.எம்.கிருஷ்ணாவின் 'சென்னை புறம்போக்கு பாடல்' வெளியானதும் அதே ஆண்டு. அதில் வரும் காட்சிகள் இந்த எண்ணூர் பக்கத்தில் எடுத்தவை.

அப்போ யாரைக் கேட்பது?

கழுத்தளவு தண்ணீரில் நின்று, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்களை. இன்றைய ஆழம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வலையைச் சுற்றிப் போங்கள். பழவேற்காட்டில் எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்பதற்கு 'பாடு' என்ற முறையே உண்டு. காலியாகத் தெரியும் தண்ணீர் ஒருவரின் அன்றைய கூலியாக இருக்கலாம். துறைமுகம், மின்நிலையப் பக்கம் நெருங்காதீர்கள், ட்ரோனும் வேண்டாம்.

படகை இறக்கும் முன் அவர்களிடம் கேட்க வேண்டியது இதுதான்: "அண்ணா, இன்னைக்கு வத்தம் எத்தனை மணிக்கு? ஆழி எந்தப் பக்கம் அதிகமா இருக்கு?"