ஆலிவ் ஆயில் சோப்பு: முதல் பேட்ச்சுக்கு உண்மையில எவ்வளவு செலவாகுது?

வீட்டிலேயே ஆலிவ் ஆயில் சோப்பு செஞ்சு விற்கணும்னு நிறைய பேர் ஆசைப்படுறீங்க. நல்ல ஆசைதான். ஆனா பெரும்பாலானவங்க போடுற கணக்கு இதுதான்: "பொருளுக்கு 840 ரூபாய் ஆச்சு, 11 சோப்பு வந்துச்சு. ஒண்ணுக்கு 76 ரூபாய் அடக்கம். 100 ரூபாய்க்கு வித்தா 24 ரூபாய் லாபம்."

இந்தக் கணக்கு எங்க தப்பாகுதுன்னு ஒரே ஒரு பேட்ச்சை வெச்சு பார்த்துடலாம்.

முதல்ல, அளவு

சோப்புக்கு எல்லாமே எடைக் கணக்கு, மில்லி கணக்கு இல்லை. 1 லிட்டர் ஆலிவ் ஆயில் சுமார் 915 கிராம்தான் இருக்கும். 1 லிட்டரை 1 கிலோன்னு நினைச்சு காஸ்டிக் சோடா போட்டா, காரம் கூடிப் போய் தோலை எரிக்கும்.

- ஆலிவ் ஆயில்: 915 கிராம்
- காஸ்டிக் சோடா: 116 கிராம்
- டிஸ்டில்டு வாட்டர்: 232 கிராம்

116 எப்படி வந்துச்சு? 1 கிராம் ஆலிவ் ஆயில் முழுசா சோப்பா மாற சுமார் 0.134 கிராம் காஸ்டிக் வேணும். அதுல 5% குறைச்சுப் போடுறோம். அந்த 5% எண்ணெய் சோப்பாகாம அப்படியே தங்கும். அதுதான் நம்ம பாதுகாப்பு இடைவெளி. செலவைக் குறைக்க தேங்காய் எண்ணெய் கலந்தா இந்த நம்பர் மாறும். தேங்காய் எண்ணெய் இன்னும் அதிகமா காஸ்டிக் கேட்கும். அதனால திரும்பக் கணக்குப் போடாம கலக்காதீங்க.

செய்முறை சுருக்கமா

கண்ணாடி, கையுறை ரெண்டும் கட்டாயம். ஜன்னலைத் திறந்து வைங்க, குழந்தைங்க பக்கத்துல இருக்கக் கூடாது. தண்ணிக்குள்ள காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும். காஸ்டிக் மேல தண்ணியை ஊத்தவே கூடாது, சூடாகித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காஸ்டிக் அதை அரிச்சுடும். எவர்சில்வர் சரி. கையில பட்டா உடனே குழாய்த் தண்ணியில நிறைய நேரம் கழுவுங்க.

கரைசல் ஆறினதும் எண்ணெயில ஊத்தி ஹேண்ட் பிளெண்டரால விட்டு விட்டு அடிங்க. கஸ்டர்ட் பதம் வந்ததும் அச்சுல ஊத்துங்க. ஆலிவ் ஆயில் மட்டும்னா கெட்டியாக நேரம் எடுக்கும். 2, 3 நாள் கழிச்சு வெட்டி, காத்தோட்டமா குறைஞ்சது 6 வாரம் காய விடுங்க. தண்ணி ஆவியாகி எடை குறையும். கடைசியில சுமார் 1,100 கிராம், அதாவது 100 கிராம்ல 11 சோப்பு.

இப்போ நிஜக் கணக்கு

விலை எல்லாம் உதாரணத்துக்கு. உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க.

- எண்ணெய்: ரூ.800
- காஸ்டிக் சோடா, தண்ணி: ரூ.40
- பேக்கிங், 10 சோப்புக்கு ரூ.5 வீதம்: ரூ.50
- உங்க உழைப்பு, 3 மணி நேரம், மணிக்கு ரூ.100: ரூ.300
- தராசு, பிளெண்டர், அச்சு எல்லாம் ரூ.3,300, 30 பேட்ச்சுக்குப் பிரிச்சா: ரூ.110

மொத்தம் ரூ.1,300.

11 சோப்பு வந்தாலும் விற்கிறது 10தான். ஒவ்வொரு பேட்ச்லயும் ஒண்ணை நீங்களே தேய்ச்சுப் பார்க்காம யாருக்கும் கொடுக்கக் கூடாது. அப்போ ஒரு சோப்போட அடக்க விலை 130 ரூபாய். 76 இல்லை!

100 ரூபாய்க்கு வித்தா என்ன ஆகும்? கையில 1,000 வரும். வெளியே போனது 890. மீதி 110 இருக்கு, லாபம்னு தோணும். ஆனா அந்த 110 தராசும் பிளெண்டரும் தேயுறதுக்கே சரியாப் போச்சு. உங்க 3 மணி நேர வேலைக்குக் கூலி சைபர். வீட்டுத் தொழில் பலது சத்தமில்லாம நின்னு போறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விலை எப்படி வைக்கிறது?

விற்பனை விலையில 25% லாபம் வேணும்னா 130-ஐ 0.75-ஆல வகுங்க: ரூ.173. 130 மேல 25% கூட்டினா 162.50தான் வரும், அதுல லாபம் 20%தான். ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க.

173 ரூபாய்க்கு வாங்க ஆள் இல்லையா? அப்போ விலையைக் குறைக்காதீங்க, அடக்கத்தைக் குறைங்க. 5 லிட்டர் பேட்ச்சுக்கு 15 மணி நேரம் ஆகாது. 5 மணி நேரத்துல முடிஞ்சா, 50 சோப்புக்குக் கூலி 500. ஒண்ணுக்கு 30 ரூபாயா இருந்த கூலி 10 ஆயிடும். ஆனா முதல் பேட்ச் 1 லிட்டரோட நிறுத்துங்க.

முடங்குற பணம்

வாரம் 2 பேட்ச் போட்டா, 6 வாரத்துல 12 பேட்ச் அலமாரியில காஞ்சுக்கிட்டு இருக்கும். பொருள் செலவு மட்டும் 12 × 840 = ரூ.10,080. முதல் ரூபாய் வர்றதுக்கு முன்னாடியே இந்தப் பணம் போடணும். கடன் வாங்கிப் போடாதீங்க.

விற்கிறதுக்கு முன்னாடி

சொந்த உபயோகத்துக்குச் செய்யலாம். விற்கணும்னா சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். அழகுசாதனப் பொருட்கள் விதிகள் 2020-ன் படி தயாரிப்பு உரிமம் வாங்கணும். ஜிஎஸ்டி பதிவு வேற விஷயம்: தமிழ்நாட்டுக்குள்ள பொருள் மட்டும் விற்கிறவங்களுக்குப் பொதுவா ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரைக்கும் தேவையில்லை. ஆனா வேற மாநிலத்துக்கு அனுப்பினா இந்த வரம்பு பொருந்தாது.

அதனால முதல் பேட்ச்சை விற்கவே வேண்டாம். வீட்டுக்குப் பயன்படுத்துங்க. ஒரு நோட்டுல எடை, நேரம், செலவு மூணையும் எழுதுங்க. மூணு பேட்ச் முடிஞ்சதும் அந்த நோட்டைப் பார்த்து, தொழிலா பொழுதுபோக்கான்னு முடிவு பண்ணுங்க. பொழுதுபோக்குன்னு பதில் வந்தா அதுல தப்பே இல்லை. அதுக்கு உரிமத்தோட செலவும் இல்லை, கடனும் இல்லை.