தடை வந்துவிட்டது, துணை எங்கே?

தமிழ்நாட்டில் சூதாட்டத்துக்கு எதிரான சட்டங்களுக்குக் குறைவில்லை. 2003-இல் லாட்டரிச் சீட்டு ஒழிக்கப்பட்டது. இணையச் சூதாட்டத்துக்கு எதிரான முதல் சட்டத்தை 2021-இல் உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. பிறகு நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கையைப் பெற்று இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்ற தீர்ப்பால் அவை மட்டும் தடையிலிருந்து தப்பின. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாட்டையும் நீக்கி, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது. இவை தேவையான சட்டங்கள்தான். ஆனால் இவற்றின் கவனமெல்லாம் ஆட்டக் கடையை மூடுவதில் இருக்கிறது. ஏற்கெனவே பணத்தைத் தொலைத்துக் கடனில் விழுந்து, வீட்டில் வாய் திறக்க முடியாமல் தவிப்பவருக்கு அவர் ஊரிலேயே துணை கிடைக்காதவரை, தடை பாதி வேலைதான்.

சூதாட்டப் பழக்கத்தைத் திமிர் என்றும் பேராசை என்றும் சொல்லிவிடுவது எளிது. மருத்துவம் அப்படிப் பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு மது, போதை அடிமைத்தனத்தோடு இதையும் சேர்த்து வைத்திருக்கிறது. எப்போது வெற்றி வரும் என்று தெரியாமலிருப்பதே மனத்தை இழுத்துப் பிடிக்கிறது. தோற்றவர் விட்டதைப் பிடிக்க மறுபடி கட்டுகிறார். கையிருப்பு தீர்ந்ததும் கைமாற்று, நகை அடகு, மீட்டர் வட்டி என்று இறங்குகிறார். இந்த நிலையில் கோயிலில் சத்தியம் வாங்குவது மட்டும் போதாது. மனநல ஆலோசனையும் கடனை அடைக்கும் வழியும் ஒன்றாகக் கிடைக்க வேண்டும். கடன் நெருக்கும்போது, ஒரே ஆட்டத்தில் மீண்டுவிடலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வரும்.

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பம் போன்ற மீனவ ஊர்களுக்கு இது ஏன் முக்கியம்? இங்கே வருமானம் மாதச் சம்பளமாக வருவதில்லை. மீன்பாடு நன்றாக இருந்தால் அன்று கைநிறையப் பணம். புயல் எச்சரிக்கை வந்தால் படகு கரையிலேயே கிடக்கும். முகத்துவாரம் தூர்ந்தால் ஏரித் தொழில் படுத்துவிடும். வரும் நாளில் மொத்தமாக வந்து, வராத நாளில் சுத்தமாக இல்லாமல் போகும் பணம், அவசரக் கடனுக்கும் அவசர ஆசைக்கும் இடம் கொடுக்கும். கடலுக்குப் போவதே ஒரு சூதாட்டம்தானே என்று சிலர் கேட்பார்கள். கடலில் நிச்சயமின்மை உண்டு, உண்மை. ஆனால் அதை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாத வழியை இந்த ஏரியின் மக்கள் நெடுங்காலமாக வைத்திருக்கிறார்கள். பாடு முறையில், நல்ல மீன்பிடி இடங்கள் உரிமையுள்ள குடும்பங்களிடையே முறைவைத்துச் சுற்றிவருகின்றன. அந்த உரிமை எல்லாச் சமூகத்தாருக்கும் இல்லை என்ற நியாயமான குறை இருந்தாலும், அதிர்ஷ்டத்தைப் பொது விதிக்குள் கொண்டுவந்த ஏற்பாடு அது. கைப்பேசிச் சூதாட்டம் இதற்கு நேரெதிர்: ஆளைத் தனியாகப் பிரித்து, யாருக்கும் தெரியாமல் இழக்கவைக்கிறது.

தடை மட்டும் போதாது என்பதைச் சிங்கப்பூர் வேறு வழியில் காட்டுகிறது. அங்கே 2010-இல் சூதாட்ட விடுதிகள் திறக்கப்படுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, பிரச்சினைச் சூதாட்டத்துக்கான தேசிய மன்றம் அமைக்கப்பட்டது. தன்னை உள்ளே விடக்கூடாது என்று ஒருவர் தானே எழுதிக்கொடுக்கலாம்; குடும்பத்தாரும் விண்ணப்பித்துத் தடை பெறலாம். நுழைவுக் கட்டணம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளிக்கு அந்தக் கட்டணம் என்ற தடுப்பு இல்லை; ஆனால் தானே தடை கேட்கும் வழி அவருக்கும் திறந்திருக்கிறது. நியூசிலாந்தில் சூதாட்ட நிறுவனங்களிடம் வசூலிக்கும் தீர்வையிலிருந்து ஆலோசனைச் சேவைகள் நடக்கின்றன. ஆசியக் குடும்பங்களுக்கென்று அவரவர் மொழியில் பேசும் அமைப்பும் உண்டு. சொந்த மொழியில், மானம் போகாமல் பேச இடம் இருந்தால்தான் புலம்பெயர்ந்தவர் வருவார். மீனவருக்கும் அது பொருந்தும்.

சொந்தப் பணத்தை இழப்பவருக்கு ஊர் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்ற கேள்வி எழும். இழப்பவர் ஒருவர், சுமப்பவர் மனைவியும் பிள்ளைகளும். பதில் அதிலேயே இருக்கிறது. உதவி கேட்டால் போலீஸ் வரும் என்ற அச்சம் இன்னொரு தடை. மாநிலச் சட்டம் ஆடியவருக்கும் மூன்று மாதம்வரை சிறை என்கிறது; மத்தியச் சட்டமோ ஆடியவரைத் தண்டிப்பதில்லை. கணவனுக்காக உதவி கேட்டு வரும் பெண்ணைக் குற்றவாளியின் மனைவியாக யாரும் நடத்தக்கூடாது. மாநில அரசின் 104, மத்திய அரசின் 14416 ஆகிய உதவி எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை மீன் ஏலக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் எழுதிவைக்கலாம். மகளிர் குழுக்கள் கடன் கொடுக்கும்போது இந்தப் பழக்கத்தைப் பற்றியும் கனிவாக விசாரிக்கலாம். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மாதம் ஒருநாளாவது மனநல ஆலோசகர் அமரலாம். ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடுவதை விட்டு, வட்டிக்காரரோடு பேசித் தவணை வாங்கித் தரலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். சிக்கியவரை நோயாளியாகப் பார்க்க ஊரும் அரசும் முடிவெடுத்தால் போதும்.