ஆனைமலையின் இருவாய்ச்சி

அலகின் மேல் மற்றோர் அலகை ஏற்றி வைத்தாற்போன்ற தோற்றம் உடைமையால் இப்பறவை தமிழில் இருவாய்ச்சி எனப் பெயர் பெற்றது என்பர். மலையாளத்தார் இதனை மலைமுழக்கி வேழாம்பல் என வழங்குவர். பொருத்தமான பெயரே. சிறகின் அடிப்புறத்தை மூடும் சிறு தூவிகள் இதற்குப் போதிய அளவில் இல்லை. ஆதலின் சிறகடிக்குந்தோறும் இறகுகளின் இடையே காற்றுப் புகுந்து, புகைவண்டி மூச்சு வாங்குவது போன்ற ஒலி எழும். வேழாம்பல் மழைத்துளிக்காக வாய் திறந்து ஏங்கும் என்பதோ வெறுங்கற்பனை. வேண்டிய நீர் பெரும்பாலும் பழங்களிலேயே கிடைத்துவிடுகிறது.

மலாய்க்காரர் எங்காங் என்று கூறும் பறவையினத்துள் இதுவும் அடங்கும். சிட்டு சிட்டோடும் எங்காங் எங்காங்கோடும் சேரும் என்னும் அவர்தம் பழமொழியை மலாக்காவில் கேளாதார் சிலரே. மலாயாத் தீபகற்பத்துக் காடுகளில் உள்ள இதே பறவைக்குத் தென்னிந்தியாவில் வாய்த்த நல்ல உறைவிடங்களுள் ஒன்று ஆனைமலை. 1976இல் விலங்குகளின் புகலிடமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பெற்ற அம்மலையில் யானை, வரையாடு, சோலைமந்தி முதலியனவும் உள. எனினும் காட்டின் முதுமைக்குச் சான்று கூறவல்லது இருவாய்ச்சியே.

காரணம் அதன் கூடு. மரத்தைத் தானே குடைந்து கூடமைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. கிளை முறிந்து உளுத்த முதுமரத்துப் பொந்தினுள் பெண்பறவை புகுந்து, தன் எச்சத்தையும் மரத்தூளையும் அப்பி வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் பிளவு ஒன்றே எஞ்சும். உள்ளிருக்கையில் அதன் பறக்கும் இறகுகளும் உதிர்ந்துவிடும். ஆண்பறவை அத்திப்பழம் முதலியவற்றைத் தொண்டையில் அடக்கிக் கொணர்ந்து, ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். மூன்று நான்கு திங்கள் இவ்வாறு கழியும். இடும் முட்டை ஒன்று அல்லது இரண்டு. தேறுவது பெரும்பாலும் ஒரு குஞ்சே. ஆணை எவனேனும் சுட்டு வீழ்த்தினால், சிறையிருக்கும் தாயும் சேயும் பிழைத்தல் அரிது.

தோட்டத்து மக்களுக்கு இதில் ஒன்று எளிதில் விளங்கும். ரப்பர் மரம் 25, 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்யப்படுவது. அதில் இவ்வளவு பெரிய பொந்து விழக் காலம் ஏது? ஆனைமலையின் வால்பாறைப் பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டுத் தேயிலைக்காகவும் காப்பிக்காகவும் காடு அழிக்கப்பட்டது. தோட்டங்களிடையே தப்பிய சோலைத் துண்டுகளில் இருவாய்ச்சி இன்றும் இரை தேடுகிறது. விழுங்கிய பழத்தின் கொட்டைகளைத் தொலைவிற் கொண்டுபோய் உதிர்க்கிறது. அத்துண்டுகள் சிலவற்றில் காட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்க்கும் பணியும் நடைபெற்று வருகிறது. கன்று தழைக்கச் சில ஆண்டுகள் போதும். பொந்துடைய மரமாவதற்கோ ஒருவர் வாழ்நாள் போதாது.

ஆனைமலையை அடுத்த கேரளத்து வாழச்சால் காட்டில் காடர் என்னும் பழங்குடியினர் முன்னாளில் இப்பொந்துகளிலிருந்து குஞ்சுகளை உணவுக்காக எடுத்தனர். மரங்களை நன்கறிந்த அவர்களே பின்னர் வனத்துறையோடு கூடிக் கூடுகளைக் காக்கத் தலைப்பட்டு, எந்தெந்தப் பொந்தின் வாயில் அடைபட்டது, எதிலிருந்து குஞ்சு வெளிவந்தது என்று பார்த்துக் குறிக்கலாயினர்.