திருமண நாளுக்குக் கல்வராயன் மலை: ஏறும் வழி ஒன்று, இறங்கும் வழி வேறு

திருமண நாளுக்கு வெளியூர் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்ற மூன்று பெயர்களோடு பேச்சு முடிந்துவிடும். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் சைப்ரஸ், கிரீட், சிசிலி என்று மத்தியதரைக் கடல் தீவுகளுக்குப் போய், வாடகைக் கார் எடுத்துத் தீவைச் சுற்றி வருகிறார்கள். அந்தத் தீவுப் பயணத்தின் சுகமே போன வழியில் திரும்ப வேண்டாம் என்பதுதான். அதே சுகம் சென்னையிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டரில், கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலையிலும் கிடைக்கும். கிழக்கே ஏறி, மேற்கிலோ வடக்கிலோ இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம்.

கணவனும் மனைவியுமாகச் சொந்தக் காரில் மூன்று பகல், இரண்டு இரவு போய்வர என்ன திட்டமிட வேண்டும்? படிப்படியாகப் பார்ப்போம்.

மலையின் கிடப்பு

கல்வராயன், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பெரும்பகுதி கிடக்கிறது; மேற்கு விளிம்பு தர்மபுரி மாவட்டத்தைத் தொடுகிறது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். மொத்தப் பரப்பு சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா என்ற தீவு நாட்டின் பரப்பே 316 சதுர கிலோமீட்டர்தான். சுற்றிலும் கரும்பும் நெல்லும் விளையும் சமவெளி, நடுவே தீவு போல எழுந்து நிற்கும் மலை.

உயரம் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி. எனவே ஊட்டிக் குளிரை எதிர்பார்த்துப் போகக் கூடாது. சமவெளியைவிடக் காற்று இதமாக இருக்கும், மார்கழி, தை இரவுகளில் போர்வை வேண்டும், அவ்வளவுதான்.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26 அன்று. மலைக்கென்று இப்போது தனி வட்டமும் உண்டு; அதன் தலைமையிடம் வெள்ளிமலை. பயணத்துக்கும் வெள்ளிமலைதான் மையம். மலையின் முக்கியச் சாலைகள் அங்கேதான் கூடிப் பிரிகின்றன.

முகூர்த்த மாதமே பருவத்தைச் சொல்லும்

சுற்றுலாவுக்கு நல்ல பருவம் பார்த்துப் போவது மற்றவர்களுக்கு. திருமண நாள் கொண்டாடுபவர்களுக்குத் தேதி முன்பே குறிக்கப்பட்டுவிட்டது. ஆடியிலும் மார்கழியிலும் பொதுவாகக் கல்யாணம் இல்லை என்பதால், மீதி மாதங்களைப் பார்த்தால் போதும்.

தையில் மணமுடித்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மழை ஓய்ந்திருக்கும், காடு பசுமை குறையாமல் இருக்கும், அருவியில் தண்ணீரும் மிச்சமிருக்கும். காலையில் பனிமூட்டம் விலகும் வரை வண்டியை எடுக்காமல் இருந்தால் போதும்.

பங்குனி, சித்திரை, வைகாசியில் அருவிகள் மெலிந்து கிடக்கும். தண்ணீருக்காகப் போகாமல் காற்றுக்காகவும் பலாப்பழத்துக்காகவும் போகலாம். கோடை விழா நடக்கும் நாளில் போனால் கூட்டமும் கலை நிகழ்ச்சிகளும் இருக்கும். தனிமை வேண்டுவோர் அந்த நாள்களைத் தவிர்ப்பது நல்லது.

ஆனி, ஆவணியில் மாலை இடிமழை வரும். எனவே பார்க்க வேண்டியதையெல்லாம் நண்பகலுக்குள் பார்த்து முடிக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம். அருவிகள் நிறைந்து விழும். அதே காரணத்தால் குளிக்கத் தடையும் வரும். மலைச் சாலையில் மண் சரியவும் வாய்ப்புண்டு. இந்த மாதங்களில் திருமண நாள் வருகிறவர்கள், வானிலை எச்சரிக்கை வந்தால் கோயிலும் விருந்துமாக ஊரிலேயே கொண்டாடிவிட்டு, பயணத்தைத் தைக்குத் தள்ளி வைக்கலாம்.

சிறிய வளையமா, பெரிய வளையமா?

இரண்டும் கள்ளக்குறிச்சியில் தொடங்குகின்றன. கச்சிராயபாளையம், கோமுகி அணை, கரியாலூர், வெள்ளிமலை வரை இரண்டுக்கும் ஒரே பாதை.

வெள்ளிமலையிலிருந்து சேராப்பட்டு, மூலக்காடு வழியாக இறங்கிச் சங்கராபுரம் வந்து கள்ளக்குறிச்சி சேர்வது சிறிய வளையம். அதிகாலையில் புறப்பட்டால் ஒரே பகலில் முடிக்கலாம்.

வெள்ளிமலையிலிருந்து மேற்கே சேலம் மாவட்டத்துக் கருமந்துறைக்குப் போய், பெத்தநாயக்கன்பாளையத்தில் இறங்கி, சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் ஆத்தூர், சின்னசேலம் வழியாகத் திரும்புவது பெரிய வளையம். தூரம் 150 முதல் 180 கிலோமீட்டருக்குள் அடங்கும். ஆனாலும் ஒரே நாளில் ஓட்டி முடிக்கக் கூடாது. மலையில் மணிக்கு 20, 25 கிலோமீட்டர் ஓடினாலே நல்ல ஓட்டம். ஆகவே திட்டத்தைக் கிலோமீட்டரில் போடாமல் மணிக்கணக்கில் போடுங்கள். கைபேசி வரைபடம் சொல்லும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்வது பாதுகாப்பு.

முதல் நாள்: மலைக்கு முன்னால் ஒரு கல்யாணக் கதை

சென்னையிலிருந்து வருகிறவர்கள் நேரே கள்ளக்குறிச்சிக்கு ஓட வேண்டாம். விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூருக்குத் திரும்பலாம். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான உலகளந்த பெருமாள் கோயிலும், அட்ட வீரட்டானங்களுள் ஒன்றான வீரட்டானேசுவரர் கோயிலும் இங்கே உள்ளன. நண்பகல் 12 மணிவாக்கில் நடை சாத்தினால் மாலை நான்குக்குத்தான் திறப்பார்கள். எனவே பதினொரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

திருமண நாளுக்குப் பொருத்தமான கதை தென்பெண்ணை ஆற்றில் நிற்கிறது. கபிலர் குன்று என்று மக்கள் அழைக்கும் பாறை அது. நண்பன் பாரி இறந்தபின், அவன் மகளிருக்கு மணம் முடித்துவைக்கும் பொறுப்பைக் கபிலர் ஏற்றார். பாரி மகளை இப்பகுதியை ஆண்ட மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டு. வடக்கிருந்து உயிர் விட்டார் என்பது மற்றொரு மரபு. ஆற்றில் வெள்ளம் இருந்தால் கரையிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ரிஷிவந்தியம் வழியாகத் தியாகதுருகம். ஊரை ஒட்டிய குன்றின் மேல் பழைய கோட்டை இருக்கிறது. ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போர்களில் பேர்பெற்ற இடம். மாலைக்குள் கள்ளக்குறிச்சி வந்துவிடலாம். நினைவுப் பொருள் வாங்க நினைப்பவர்களுக்கு இந்த வட்டாரத்தின் மரச் சிற்பம் உண்டு. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முதல் இரவு தங்கல் கள்ளக்குறிச்சியிலேயே.

இரண்டாம் நாள்: ஏற்றம்

காலை ஏழு மணிக்குள் புறப்படுங்கள். டேங்க்கை நிரப்பி, காற்றுப் பார்த்து, சில்லறை நோட்டுகளை எடுத்துக்கொள்வது கள்ளக்குறிச்சியிலேயே முடிய வேண்டிய வேலை. மலையில் அலைபேசிச் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால், பணம் செலுத்தும் செயலியை மட்டும் நம்பிப் போகக் கூடாது. வரைபடத்தையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை நிறைத்துப் போகும். அவற்றைத் தாண்டினால் கோமுகி அணை. 46 அடி கொள்ளளவு மட்டம் கொண்ட இந்த அணைக்குத் தண்ணீர் தருவதே நீங்கள் ஏறப்போகும் மலைதான். இங்கே காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டால் வளைவுகளில் குமட்டல் வராது. நிறைவயிற்றோடு ஏறாமல் அரை மணி நேரம் கழித்து ஏறுவது நல்லது.

அடிவாரச் சோதனைச்சாவடி கடந்ததும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். ஓட்டுபவர் மறக்கக் கூடாத விதிகள் மூன்று. ஒன்று, மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. இறங்கும் வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும். இரண்டு, எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். மூன்று, திருப்பத்துக்கு முன்னால் ஹாரன் அடியுங்கள்.

வழியிலேயே பெரியார் நீர்வீழ்ச்சி வரும். நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. மேகம் நீர்வீழ்ச்சி அப்படி அல்ல, காட்டுக்குள் நடந்து போக வேண்டும். வனத்துறை அனுமதியும் உள்ளூர் ஆளின் துணையும் இல்லாமல் அங்கே போகக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கான கெடுபிடி தமிழகம் முழுவதும் கூடியது.

அருவியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மழை பெய்திருக்கும். 2021 அக்டோபரில் ஆத்தூர் அருகே, இதே மலையின் அடிவாரத்தில் உள்ள ஆனைவாரி முட்டல் அருவியில் திடீர் வெள்ளம் வந்து, கைக்குழந்தையோடு ஒரு தாய் பாறையில் சிக்கிக்கொண்டார். இளைஞர்கள் உயிரைப் பணயம் வைத்து அவர்களை மீட்ட காணொளியைத் தமிழகமே பார்த்தது. தண்ணீர் கலங்கினாலோ, சருகு மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்த நொடியே கரையேறிவிட வேண்டும்.

கரியாலூரில் பூங்காவும் படகுத் துறையும் உண்டு. மதியச் சாப்பாடு கரியாலூரிலோ வெள்ளிமலையிலோ. அதன்பிறகு எதையும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். ஐந்து இடங்களை எழுதி வைத்துக்கொண்டு ஓடினால் இருவரில் ஒருவர் மாலை முழுவதும் ஸ்டீயரிங்கையும் மற்றவர் கடிகாரத்தையும்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தங்குவதுதான் உண்மையான முடிச்சு. மலையில் அறைகள் குறைவு. அரசு விடுதிகளுக்கு முன்அனுமதி வேண்டும். முன்பதிவு கையில் இருந்தால் மட்டும் மலையில் இரவு. இல்லையென்றால் சிறிய வளையத்தைத் தேர்ந்து மாலை ஐந்துக்குள் சங்கராபுரம் இறங்கிவிடுங்கள். இருட்டிய பிறகு மலைச் சாலையில் மாடும், விளக்கில்லாத வண்டியும், மூடுபனியும் சேர்ந்து வரும்.

மூன்றாம் நாள்: மறுபக்கம்

வெள்ளிமலையிலிருந்து கருமந்துறை போகும் பாதையில் மரவள்ளியும் சாமையும் விளையும் காடுகளைப் பார்க்கலாம். கடுக்காயும் புளியும் தேனும் இந்த மலையின் விளைச்சல். கருமந்துறையில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை பெரியது. இறங்கும் வழியில் அடிவாரத்தில் கரியகோவில் அணை.

பெத்தநாயக்கன்பாளையத்தில் நெடுஞ்சாலையைத் தொட்டதும் சேலம் பக்கம் சிறிது தூரம் போனால் புத்திரகவுண்டம்பாளையத்தில் 146 அடி உயர முத்துமலை முருகன் சிலை. 2022 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது. நேரம் இல்லையென்றால் அதை விட்டுவிட்டு ஆத்தூர்ப் பக்கம் திரும்பி, வசிஷ்ட நதிக்கரையில் உள்ள கெட்டி முதலிகள் காலத்துக் கோட்டையைப் பார்க்கலாம். இரண்டையும் பார்க்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை.

மலையில் இருப்பவர்கள்

இது வெறும் காட்சி மலை அல்ல. மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை, கேரளத்தோடு தொடர்பில்லை. மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்து, 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானதை அடுத்து, கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. சாலை, பள்ளி, மருத்துவம் எல்லாம் அங்கே பேசப்பட்டன. நீங்கள் திருமண நாளுக்கு வண்டி ஓட்டும் சாலையில்தான் பிரசவ வலி கண்ட பெண்ணும் இறங்கி வர வேண்டும். வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காமல் இருக்க இந்த ஒரு காரணம் போதும். வீடுகளையும் மனிதர்களையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். பாட்டிலும் பிளாஸ்டிக்கும் காரிலேயே இறங்கட்டும். தேனோ பழமோ வாங்கினால் மலையிலேயே வாங்குங்கள். விற்பவர் கைக்கே காசு போகும்.

செலவுக் கணக்கு

சென்னையிலிருந்து போய், பெரிய வளையம் சுற்றித் திரும்ப 700 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்குச் சுமார் 47 லிட்டர். மலை ஏற்றத்துக்காக ஐந்து லிட்டர் கூட்டிக்கொண்டு, அன்றைய விலையால் பெருக்கினால் எரிபொருள் செலவு தெரிந்துவிடும். சுங்கச்சாவடி, இரண்டு இரவு அறை, சாப்பாடு இவற்றைச் சேர்த்து, வந்த தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கைச்செலவாக ஒதுக்கினால் கணக்கு முடிந்தது.

மத்தியதரைக் கடல் தீவுகளுக்குப் போகிறவர்களுக்கும்

சைப்ரஸும் மால்டாவும் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடுகள். கிரீட்டிலும் சிசிலியிலும் வலப்பக்கம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கிடைக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டு செல்லும்; அதை எடுக்காமல் வாடகைக் கார் பதிவு செய்யாதீர்கள். கிரீட் தீவு கிழக்கிலிருந்து மேற்காகச் சுமார் 260 கிலோமீட்டர் நீளம், நடுவே மலை. படத்தில் அருகருகே தெரியும் இரண்டு ஊர்களுக்கு நடுவே அரை நாள் போய்விடும்.

கல்வராயனில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு புதிதாக இருக்காது. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓட்டினால் சண்டை வராது, யாருக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது, யார் வரைபடம் பார்ப்பது என்பதெல்லாம் இரண்டு இரவிலேயே தெரிந்துவிடும். பத்தாம் ஆண்டுக்குத் தீவு என்று கனவு வைத்திருப்பவர்கள், ஒன்பதாம் ஆண்டை வெள்ளிமலையில் கழிக்கலாம்.