குழாய்க் கணக்கு – 9: திருத்தணி வெயிலும் 27 டிகிரியும்

பி.வி.சி. குழாயின் மேல் அச்சாகியிருக்கும் அழுத்த எண் 27 டிகிரி செல்சியஸில் ஓடும் தண்ணீருக்கு உரியது. குடிநீர்க் குழாய்களுக்கான ஐ.எஸ். 4985 அப்படித்தான் வகுத்திருக்கிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் என்பதும், கடையில் 4 கிலோ, 6 கிலோ, 10 கிலோ பைப் என்று கேட்பது இந்த அழுத்தத்தைத்தான் என்பதும் முந்தைய வாரங்களில் வந்துவிட்டன.

வெப்பநிலை ஊருக்கு ஊர் மாறுவதைப் போலவே இந்த அடிப்படை எண்ணும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐரோப்பாவில் 20 டிகிரி, 50 ஆண்டு. அமெரிக்காவில் 23 டிகிரி, ஒரு லட்சம் மணி நேரம்; அதாவது பதினோரு ஆண்டுக்குச் சற்று மேல். காலக்கணக்கு எதற்கு என்றால், பிளாஸ்டிக் இரும்பைப் போல நடந்துகொள்வதில்லை. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே இருக்கும். சூடு கூடினால் அந்த நீட்சி வேகமெடுக்கும். 1930களின் நடுவில் ஜெர்மனியில் மண்ணுக்கடியில் பதித்த பி.வி.சி. குழாய்களில் சில பல பத்தாண்டுகள் உழைத்தன. அங்கே குளிர்ந்த மண்ணும் அதற்குத் துணை நின்றது.

நம் திருவாலங்காட்டின் நிலைமை வேறு. பக்கத்திலிருக்கும் திருத்தணியின் பெயர், கோடை நாட்களில் தமிழகத்தின் அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் தவறாமல் வரும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். அதுவும் நிழலில் அளந்த காற்றின் சூடுதான். வெயிலில் கிடக்கும் சாம்பல் நிறக் குழாயின் சுவர் அதைவிடச் சூடாகும். அமெரிக்கப் பட்டியலின்படி, 23 டிகிரியில் 100 பங்கு தாங்கும் பி.வி.சி. 38 டிகிரியில் 62 பங்கும், 43-ல் 51 பங்கும், 60-ல் வெறும் 22 பங்கும்தான் தாங்கும். இதையே 27 டிகிரியிலிருந்து கணக்கிட்டால், 6 கிலோ பைப் 43 டிகிரியில் சுமார் மூன்றரை கிலோவுக்குத்தான் ஆகும். 45 டிகிரிக்கு மேல் இந்தக் குழாய் வேண்டாம் என்று நம் தரநிர்ணயமே நிறுத்திவிடுகிறது.

கரும்பு, நெல் வயல்களில் வரப்போரமாகக் கிடக்கும் டெலிவரி பைப்பை எடுத்துக்கொள்ளலாம். மோட்டார் ஓடும்வரை ஆழத்துத் தண்ணீர் குழாயைக் குளிரவைக்கும், கவலையில்லை. நண்பகலில் மும்முனை மின்சாரம் நின்றதும் உள்ளே தங்கிய தண்ணீர் காயத் தொடங்குகிறது. மின்சாரம் வந்து ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கிளப்பும்போது, இளகிய குழாயின் மேல் திடீர் அழுத்தம் விழுகிறது. ஓடும் தண்ணீர் சட்டென நின்றாலும் இதே கதைதான். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் ஒரே நொடியில் தடைபட்டால், 6 கிலோ குழாயில் சுமார் 3 கிலோ அழுத்தம் கூடுதலாக எழும். இரும்புக் குழாயில் இந்த அடி நான்கு மடங்கு. பிளாஸ்டிக் நெகிழ்ந்து கொடுப்பதால் குறைகிறது. ஆனால் நாள்தோறும் பலமுறை விழுந்தால் எந்தக் குழாயும் களைத்துப்போகும். மேட்டிலிருந்து தண்ணீர் இறங்கி உள்ளே வெற்றிடம் உண்டானால், மெல்லிய குழாய் தட்டையாக நசுங்குவதும் உண்டு. மேட்டில் ஓர் ஏர் வால்வு இருந்தால் அது நேராது.

மண்ணில் புதைப்பதே முதல் மருந்து. ஒரு மீட்டர் ஆழத்தில் பகல் வெயிலின் ஏற்ற இறக்கம் அநேகமாக எட்டுவதில்லை. மொட்டை மாடியில் புதைக்க வழியில்லை. அங்கே தண்ணீரில் கரையும் வெள்ளை பெயின்ட் அடிக்கலாம். சூடும் குறையும், வெயிலில் குழாய் நொறுங்கும் தன்மை அடைவதும் தள்ளிப்போகும். தின்னர் கலந்த பெயின்ட் குழாயையே கெடுக்கும். பத்து மீட்டர் குழாய் 30 டிகிரி சூடேறினால் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளும் என்பதால், கிளாம்ப்பை இறுக்கிப் பிடிக்காமல் நகர இடம் விட வேண்டும்.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 110 மில்லிமீட்டர் 4 கிலோ பைப்பும் 6 கிலோ பைப்பும் வெளியே ஒரே அளவு. ஒரே சாக்கெட்டில் இரண்டும் உட்காரும். அறுத்த முனையைப் பார்த்தால்தான் 2.5 மி.மீ. சுவரும் 3.7 மி.மீ. சுவரும் வேறு வேறென்று தெரியும். அச்சு நிறத்தைப் பார்ப்பது இன்னும் எளிது: 4 கிலோவுக்கு நீலம், 6 கிலோவுக்குப் பச்சை, 10 கிலோவுக்கு மஞ்சள். கழிவுநீருக்கான எஸ்.டபிள்யூ.ஆர். பைப்பில் அழுத்த எண்ணே கிடையாது. விலை மலிவு என்று அதை மோட்டார் லைனில் போடுவது வீண் செலவு.

ஹீட்டர் லைனுக்குப் பி.வி.சி. கூடாது, சி.பி.வி.சி. வேண்டும். எஸ்.டி.ஆர். 11 வகை 23 டிகிரியில் 28 கிலோவும், 82 டிகிரியில் 7 கிலோவும் தாங்கும். குளோரின் கூடியதால் வந்த வலு அது. இந்த வாரம் வருவதாக இருந்த மரை போட்ட இணைப்புகளும் கும்மிடிப்பூண்டி ஆலைகளின் சூடான கழிவுநீர்க் குழாய்களும் அடுத்த இதழில்.